வெயிலில் ஒரு தரம், விளக்கில் ஒரு தரம்

கலியமூர்த்தி என்கிற பெயரை மலர்கொடி முதன்முதலாகக் கேட்ட அன்றைக்கு, அந்தப் பெயருக்கு உரியவர் நடுத்தெருவில் நின்று வெயிலுக்குப் படம் காட்டிக்கொண்டிருந்தார். பகல் பன்னிரண்டு மணி. லுங்கி, முண்டா பனியன், காலில் செருப்பில்லை. ஒரு தாளை ஓரத்தில் மட்டும் பிடித்து, கல்லிலிருந்து எடுத்த தோசையை ஏந்துகிறவர்போல நெஞ்சுக்கு நேராக வைத்துக்கொண்டு பார்த்தார். தலையைச் சாய்த்துப் பார்த்தார். பிறகு விடுவிடுவென்று குவார்ட்டர்ஸுக்குள் போனார். மலர்கொடியும் அவள் சிநேகிதி சந்திராவும் வண்டிக்காரனிடம் முருங்கைக்கீரைக்குப் பேரம் பேசி முடிப்பதற்குள் மூன்று தரம் வெளியே வந்து மூன்று தரம் உள்ளே போய்விட்டார்.

யார் அது என்று மலர்கொடி கேட்டாள். "அதுதாங்க்கா கலியமூர்த்தி. மைன்ஸ்ல பெல்ட் செக்‌ஷன். ஒண்ணும் பண்ணமாட்டாரு, படம் பாப்பாரு, அவ்ளோதான்" என்றாள் சந்திரா. அவளுக்குத் தெரியாமல் இருக்குமா? சந்திராவின் நாத்தனாரைக் கம்மாபுரத்தில் கொடுத்திருக்கிறது. அந்த நாத்தனாருடைய மாமியாருக்குக் கூடப்பிறந்த தங்கையின் மகன்தான் இந்த மனிதர். உறவு முறையில் அவளுக்கு அண்ணன் ஆகவேண்டும். ஆனாலும் நடுத்தெருவில் நிற்கும்போது சந்திரா அதைச் சொல்லிக்கொள்வதில்லை.

கலியமூர்த்திக்கு வயது ஐம்பத்தெட்டு, இன்னும் இரண்டு வருஷம் சர்வீஸ் இருக்கிறது. நெய்வேலியில் சுரங்கத்துக்கு நிலம் எடுத்தபோது கிடைத்த வேலை. முப்பத்திரண்டு வருஷமாக அவர் கண்ணுக்கு முன்னால் கன்வேயர் பெல்ட்டில் கரி ஓடிக்கொண்டிருக்கிறது. அவர் பிறந்த இடம் இப்போது பள்ளம். அந்தப் பள்ளத்துக்குள்தான் அவருடைய பெல்ட். "எங்க வூட்டுக் கூடத்துலதாங்க டூட்டி பாக்கறேன்" என்பார். கேட்கிறவர்கள் என்ன முகம் காட்டுவது என்று தெரியாமல் விழிப்பார்கள். அவர் சிரித்துவிடுவார்.

கரியைக் கருப்பு என்று யாராவது சொல்லிவிட்டால் மட்டும் சிரிப்பு நின்றுவிடும். "வெளியூர்க்காரன் சொல்லுவான் கருப்புன்னு. பழுப்புங்க அது. எட்டு மணி நேரம் பாத்துகினே கெடக்கறவனுக்குத் தெரியாதா?" இந்த ஒரு விஷயம் அவர் கண்ணில் ஏறி உட்கார்ந்துகொண்டது. அதற்குப் பிறகு அவருக்கு உலகத்தில் கருப்பே அகப்படவில்லை. காக்கையில் நீலம் அடிக்கிறது என்பார். எருமையில் செம்மண் அடிக்கிறது என்பார். ஒரு துக்க வீட்டில் எல்லாரும் வாய் பொத்தி நிற்கும்போது, வாசலில் கட்டியிருந்த கருப்புக் கொடியைத் தொட்டுப் பார்த்து, "ஊதா அடிக்குது" என்று சொல்லி, செத்தவரின் மைத்துனரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார்.

இப்படிப்பட்ட ஆள் கருப்பு வெள்ளைப் படம் அச்சடிக்க இறங்கினால் என்ன ஆகும்? ஏலத்தில் எடுத்த பழைய கம்ப்யூட்டர் ஒன்று, நான்கு மசிக் குப்பி வைத்த பிரிண்டர் ஒன்று. இரண்டும் அவர் மனைவி உமாராணியின் தையல் மிஷின் மேஜையில் இருக்கின்றன. தையல் மிஷின் கட்டிலுக்கடியில் இருக்கிறது. கடையில் கருப்பு வெள்ளை என்று அடித்துக் கொடுக்கிற படமெல்லாம் அவர் கண்ணுக்குக் கலர் படம்தான். ஒன்றில் பச்சை அடிக்கும், ஒன்றில் சிவப்பு அடிக்கும். எந்த நிறமும் அடிக்காத சாம்பலை ஒரு தாளில் இறக்கிப் பார்த்துவிட வேண்டும் என்பது அவருடைய ஆசை. அதற்குத் திருப்பதி போகிறவர்களைப்போல விரதம் உண்டு. முதல் ஷிப்ட் முடிந்து வந்ததும் கையை மூன்று தரம் சோப்புப் போட்டுக் கழுவுவார். துண்டில் துடைக்க மாட்டார், காற்றில் உலர்த்துவார். வெள்ளையிலிருந்து கருப்பு வரைக்கும் இருபத்தொரு கட்டம் போட்ட ஒரு பட்டையை முதலில் அடிப்பார். டியூப்லைட்டில் பார்ப்பார், வெயிலில் பார்ப்பார். எந்தக் கட்டத்தில் எந்த நிறம் தலைகாட்டுகிறதோ, அந்த நிறத்துக் குப்பியை ஒரு மயிரிழை குறைத்து மறுபடி அடிப்பார். பட்டைகளைச் சுவரில் ஒட்டி ஒட்டி இப்போது கூடத்தில் சாமி படத்துக்கு இடமில்லை. "வர்ற சொந்தக்காரங்க, இந்த வூட்டுல யாருக்காவது ஒடம்பு சரியில்லையா, டெஸ்ட்டு எடுத்து ஒட்டி வச்சிருக்கீங்களான்னு கேக்கறாங்க" என்று உமாராணி சொல்வாள்.

கம்ப்யூட்டருக்குள் ஓடுகிற மென்பொருள் முழுக்க இலவசம். யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், பிரித்துப் பார்க்கலாம், திருகி மாற்றலாம். உமாராணிக்கு அதில் நம்பிக்கை இல்லை. எவன் சும்மா கொடுப்பான், பின்னால் ஏதோ இருக்கும் என்பாள். கலியமூர்த்தி அதற்கு ஆடி மாசத்தைக் காட்டுவார். "மாரியாத்தா கோயில்ல கூழ் ஊத்தறவன், நீ யாரு எவருன்னு பாத்தா ஊத்தறான்? கரண்டியக் கூட நம்ம கையில குடுத்துட்டுப் போறான். அந்த மாதிரி எந்த தேசத்துலயோ ஒருத்தன் ஊத்தறான், குடிச்சிகினு போவியா?" கூழை வாங்கி விற்கக் கூடாது என்பதால் அவரும் படம் அடித்துக் கொடுத்து யாரிடமும் பைசா வாங்குவதில்லை. ஆனால் பண்ருட்டிப் பக்கத்து ஜனங்கள் கடன் வைக்காதவர்கள். போன சித்திரையில் ஒரே வாரத்தில் ஆறு பலாப்பழம் வந்து இறங்கியது. உமாராணி வாசலில் நின்று, இனிமேல் படத்துக்கு வருகிறவர்கள் தேங்காய் கொண்டுவரட்டும் என்று தெருவுக்கே அறிவித்தாள்.

மலர்கொடிக்கு அவரிடம் போகவேண்டிய வேளை கார்த்திகை மாசத்தில் வந்தது. அவளுடைய அம்மா ஜானகியம்மாள் போன வருஷம் போய்ச் சேர்ந்துவிட்டாள். இரண்டு பட்டுப்புடவையை விட்டுவிட்டுப் போனாள். ஒன்று இலைப்பச்சை. அதை மூத்தவள் பிரபாவதி எடுத்துக்கொண்டாள். அவள் வாழ்க்கைப்பட்டது நெல்லிக்குப்பத்தில், புருஷனுக்குச் சர்க்கரை ஆலையில் வேலை. இன்னொன்று அரக்கு. அது இளையவள் மலர்கொடியிடம் இருக்கிறது. இரண்டில் எது அம்மா தாலி கட்டிக்கொண்ட கூரைப்புடவை என்பதுதான் தகராறு. அந்தக் குடும்பத்தில் கல்யாணப் பெண், அம்மாவைப் பெற்றவளின் கூரைப்புடவையை ஒரு வேளையாவது உடுத்தவேண்டும். மலர்கொடியின் மகள் ஹரிணிக்குத் தை மாசம் கல்யாணம். ஐப்பசியில் நிச்சயதார்த்தப் பந்தியில் பேச்சு வந்தது. பிரபாவதி, "உங்கிட்ட இருக்கறது தீவாளிக்கு எடுத்ததுடி" என்று சொல்லிவிட்டாள். மலர்கொடி, "உன்னுது எந்தத் தள்ளுபடியில எடுத்ததோ" என்று சொல்லிவிட்டாள். பாயசம் பரிமாறுவதற்கு முன்னால் பிரபாவதி இலையை விட்டு எழுந்துவிட்டாள். கல்யாணத்துக்கு வரமாட்டேன் என்று பஸ் ஏறும்போது சொன்னாள். பெரியம்மா இல்லாமல் ஒரு கல்யாணமா? மாப்பிள்ளை வீட்டார் கேட்டால் என்ன சொல்வது? மலர்கொடிக்கு அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை. ஆனால் போன் எடுத்துப் பேசவும் வாய் வரவில்லை.

அந்தக் கல்யாணத்தைப் பார்த்தவர்களில் உயிரோடு இருப்பது ஒரே ஆள்தான். ஜானகியம்மாளின் தங்கை, பண்ருட்டி விருத்தாம்பாள். அப்போது அவளுக்குப் பதிமூன்று வயது. பருப்பு வடை ரூபாய்க் காசு அகலம்தான் இருந்தது என்பது நினைவிருக்கிறது. மேளக்காரன் கோபித்துக்கொண்டு போனது நினைவிருக்கிறது. மாட்டுவண்டியில் வாந்தியெடுத்தது யார், அவன் பின்னால் யாரைக் கட்டினான் என்பதுவரை நினைவிருக்கிறது. புடவை நிறம்? "பந்தியில எடம் புடிக்கறதா, பொடவையப் பாக்கறதா?" என்றாள். பிறகு யோசித்து ஒரு வழி சொன்னாள். கல்யாணத்தன்று எடுத்த கருப்பு வெள்ளைப் படம் ஒன்று உள்ளங்கை அளவில் இருக்கிறது. அதைப் பெரிசாக்கி இரண்டு போட்டு, ஆளுக்கு ஒன்றாக மாட்டிக்கொள்ளுங்கள், ஆத்தா அப்பன் முகத்தைப் பார்த்தாவது வாயை மூடுவீர்கள் என்றாள்.

அப்படித்தான் மலர்கொடி அந்தப் படத்தோடு கலியமூர்த்தி வீட்டு வாசலில் நின்றாள். புடவைத் தகராறைப் பற்றி மூச்சு விடவில்லை. அவர் பதினைந்து நாள் கேட்டார். பெரிசாக்கி, கீறல்களைத் துடைத்து, பட்டை அடித்து, சாம்பலைப் பிடித்துவிட்டார். ஆனால் அந்தப் பதினைந்து நாளும் மழை. புயல் கடலூர்ப் பக்கம் வருகிறது, வரவில்லை, திரும்பி வருகிறது என்று ரேடியோ சொல்லிக்கொண்டிருந்தது. சூரியனைக் கண்ணால் பார்க்க முடியவில்லை. பத்திரிகை வைக்கப் போகும்போது படத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தால் அக்காள் மனம் இளகும் என்று மலர்கொடி கணக்குப் போட்டிருந்தாள். தினமும் வந்து நின்றாள். "தங்கச்சி, டியூப்லைட்டுல சுத்தமா இருக்கு. வெயில்ல இன்னும் பாக்கலையே" என்று அவர் இழுத்தார். வெயிலில் பார்த்து யாருக்கு ஆகவேண்டும் என்று அவள் கண்ணைத் துடைத்தாள். கண்ணீருக்கு எதிரில் அவர் என்ன செய்வார். இரண்டு படத்தையும் கொடுத்தார். கொடுக்குமுன் ஒவ்வொன்றின் பின்னாலும் பென்சிலால் எழுதினார்: வெயில் பார்க்கவில்லை.

பத்திரிகையோடு படம் நெல்லிக்குப்பம் போயிற்று. பிரபாவதி பத்திரிகையை வாங்கி வைத்தாள், வருவதாகச் சொல்லவில்லை. படத்தைத் தாழ்வாரத்தில் மாட்டினாள். இரண்டு நாள் கழித்து மழை விட்டு வெயில் அடித்தது. தாழ்வாரத்தில் வெயில் விழுந்த மாத்திரத்தில், அம்மாவின் புடவையில் மெல்லிசாகப் பச்சை தெரிந்தது. நெய்வேலியில் மலர்கொடி தன் படத்தைச் சாமி மாடத்துக்கு மேலே மாட்டியிருந்தாள். அங்கே மஞ்சள் பல்பு. சாயங்காலம் பல்பைப் போட்டால் புடவையில் அரக்குச் சிவப்பு தெரிந்தது. இரண்டு பேரும் ஒரே நாளில் விருத்தாம்பாளுக்குப் போன் போட்டார்கள். "சின்னம்மா, படமே சொல்லிடுச்சு" என்றாள் மூத்தவள். அந்தப் போனை வைத்த கையோடு இளையவளும் அதையே சொன்னாள். விருத்தாம்பாள் தன் அறியாமையில் ஒருத்தி சொன்னதை இன்னொருத்தியிடம் சொல்லிவைத்தாள். மலர்கொடி கம்ப்யூட்டர்காரனைக் கைக்குள் போட்டுக்கொண்டு தன் படத்துக்கு மட்டும் சிவப்புப் பூசிவிட்டாள் என்று பிரபாவதி முடிவுகட்டிவிட்டாள்.

மார்கழி மூன்றாம் நாள் பகல் பதினோரு மணிக்கு, படத்தை ஒரு பெட்ஷீட்டில் சுற்றி எடுத்துக்கொண்டு, வழியில் பண்ருட்டியில் விருத்தாம்பாளையும் சாட்சிக்கு ஏற்றிக்கொண்டு, பிரபாவதி நெய்வேலிக்கு வந்தாள். நேரே கலியமூர்த்தி வீடு. சந்திரா ஓடிப்போய் மலர்கொடிக்குச் சொல்ல, அவளும் தன் படத்தைக் கழற்றிக்கொண்டு வந்து சேர்ந்தாள். அக்காளும் தங்கையும் ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்க்காமல் வாசலின் இரண்டு ஓரத்தில் நின்றார்கள். கலியமூர்த்தி அப்போதுதான் மூன்றாவது சோப்புப் போட்டுக்கொண்டிருந்தார். நுரையோடு வந்தார். பிரபாவதி பெட்ஷீட்டை விலக்கி, "நாயம் சொல்லுங்க. இது என்னா கலரு?" என்றாள்.

அவர் வெயிலில் படத்தைப் பார்த்தார். முகம் செத்துவிட்டது. "பச்சை அடிக்குது" என்றார் மெதுவாக.

"கேட்டியா சின்னம்மா?" என்றாள் பிரபாவதி. "என்னுது செவப்புங்கண்ணா, நீங்களே பாருங்க" என்று மலர்கொடி தன் படத்தை நீட்டினாள். அவருக்கு எதுவும் காதில் விழவில்லை. இரண்டு படத்தையும் வாங்கிக்கொண்டு உள்ளே ஓடினார், டியூப்லைட்டுக்கு. பெண்களும் பின்னாலேயே ஓடினார்கள். அங்கே இரண்டும் சுத்தச் சாம்பல். வெளியே ஓடினார். இரண்டும் பச்சை. மஞ்சள் பல்பு எங்கே என்று கேட்டார், சமையல்கட்டில் என்றாள் உமாராணி. அங்கே போனால் இரண்டும் சிவப்பு. உள்ளுக்கும் வெளிக்குமாக ஐந்து தரம். முன்னால் அவர், பின்னால் இரண்டு மாசமாகப் பேசாத அக்காள் தங்கை தோளோடு தோள் இடித்துக்கொண்டு, கடைசியில் முழங்காலைப் பிடித்துக்கொண்டு விருத்தாம்பாள். நான்காவது தரத்தில் விருத்தாம்பாள் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

அவள் மூச்சு வாங்கக் கண்டு அவர், "தண்ணி குடிக்கிறீங்களா ஆயா?" என்று கேட்டார். "யாருக்கு ஆயா? உன் வயசுக்கு நான் அக்கா" என்றாள் அவள். அவர் அவள் தலையை உற்றுப் பார்த்தார். "சரிங்கக்கா. டையில செவப்பு அடிக்குது, வேற மாத்துங்க" என்றார். விருத்தாம்பாள் முந்தானையைத் தலைக்கு இழுத்துக்கொண்டாள்.

விஷயம் முழுவதும் அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது. புடவை, கூரை, பாயசம், எல்லாம். தலையில் அடித்துக்கொண்டார். "இது பொடவை கலரு இல்லீங்க. என் மசி பண்ண தப்பு. மூணு கலரையும் கலந்து சாம்பல் பண்ணேன். வெளக்கு மாறுனா அது பிச்சிகினு போவுது. பொடவையப் பத்தி அந்தப் படத்துக்கு ஒண்ணும் தெரியாதுங்க."

பிரபாவதி ஒப்பவில்லை. பச்சை தெரிகிறதே, கண்ணால் பார்க்கிறேனே என்றாள். அவர் அவளை வெயிலுக்குக் கூட்டிப்போய், படத்தில் மாப்பிள்ளையாக நிற்கிறவரின் இடுப்புக்குக் கீழே விரலை வைத்தார்.

"அப்ப உங்க அப்பா பச்சை வேட்டி கட்டிகினா தாலி கட்டுனாரு?"

அவர்களுடைய அப்பா கைக்குட்டைக்குக் கஞ்சி போட்டவர். வேட்டியில் ஒரு புள்ளி சாம்பார் பட்டால் அன்று வீட்டில் யாரும் பேசக் கூடாது. அந்த மனிதர் வெயிலில் பச்சை வேட்டியோடு விறைப்பாக நின்றார். சமையல்கட்டில் கொண்டுபோய்க் காட்டினால் ரோஸ் வேட்டியோடு நின்றார். முதலில் மலர்கொடிதான் முந்தானையால் வாயைப் பொத்தினாள். "அப்பா பாத்திருந்தா..." என்று பிரபாவதி ஆரம்பித்தாள், முடிக்க முடியவில்லை. சிரிப்பு அடங்கியதும் தங்கையிடம்தான் பேசினோம் என்பது நினைவுக்கு வந்து, முகத்தை மறுபடி இறுக்கிக்கொண்டாள். கலியமூர்த்தியிடம் திரும்பி, "எந்தக் கலரும் அடிக்காத படமா குடுங்க. கல்யாணத்துக்கு முன்னாடி நானே வந்து வாங்கிக்கறேன். மத்தத அப்புறம் பாத்துக்கலாம்" என்று சொல்லிவிட்டுப் பஸ்ஸுக்குப் போனாள். மற்றது என்பது எது என்று மலர்கொடிக்குத் தெரியும். அக்காள் வருவதும் வராததும் இப்போது இந்த மனிதரின் கையில் இருக்கிறது.

கலியமூர்த்தி நான்கு நாள் லீவு போட்டார். கலர் மசி மூன்றையும் அடைத்துவிட்டு, கருப்பு மசியை மட்டும் வைத்து அடிப்பது என்று தீர்மானித்தார். பிரிண்டரோடு கடையில் கொடுத்த மென்பொருள் அதற்கு இடம் கொடுக்காது. இலவசமாகக் கிடைத்த மென்பொருள் இடம் கொடுத்தது. கரண்டியை நம் கையில் கொடுத்துவிட்டுப் போகிறவன் செய்து வைத்ததல்லவா. ஆனால் கருப்பை மட்டும் வைத்து அடித்தால், கிட்டே போய்ப் பார்க்கிறவர்களுக்கு முகத்தில் புள்ளி தெரியும். அந்தப் புள்ளிக்குப் பயந்துதான் இத்தனை நாள் கலர் மசியைக் கலந்தார். இப்போது தாள் மாற்றிப் பார்த்தார், தூரம் மாற்றிப் பார்த்தார். கடைசியில், "கிட்டப் போயி எதுக்குப் பாக்கணும்? பெத்தவங்கள தள்ளி நின்னு பாத்தா போதும்" என்று முடிவுக்கு வந்தார். டியூப்லைட் சரி, மஞ்சள் பல்பு சரி. வெயில்தான் வரவில்லை. மார்கழி போய்த் தை பிறந்தும் காலையில் ஒன்பது மணிவரை பனி, அதற்குப் பிறகு மூட்டம். மலர்கொடி இந்தத் தடவை கண்ணைத் துடைக்கவில்லை. வாசலில் வந்து வானத்தை மட்டும் பார்த்துவிட்டுப் போனாள்.

கல்யாணத்துக்கு முதல் நாள் மத்தியானம், நலங்கு வைக்கும் நேரம். பிரபாவதி மண்டபத்துக்கு வந்தாள், படம் வாங்க வந்ததாகத்தான் சொன்னாள். உள்ளே வரவில்லை, பந்தல்காலுக்கு அருகில் நின்றாள். கையில் ஒரு துணிப்பை. கலியமூர்த்தி இரண்டு படத்தையும் மார்போடு அணைத்துக்கொண்டு மண்டப வாசலில் காலையிலிருந்து நின்றிருந்தார். மாப்பிள்ளை வீட்டார் அவரைப் பெண்ணின் தாய்மாமன் என்று நினைத்து இரண்டு தரம் சந்தனம் கொடுத்திருந்தார்கள். இரண்டரை மணிக்கு மூட்டம் விலகியது. அவர் ஒரே ஓட்டமாக நடுரோட்டுக்குப் போனார். ஒரு மினிபஸ் ஹாரன் அடித்துக்கொண்டு நின்றது. பிரபாவதி பின்னால் போனாள், மலர்கொடி சந்தனக் கையோடு போனாள். அவர் தலையைச் சாய்த்துப் பார்த்தார். பிறகு படத்தைப் பிரபாவதியிடம் கொடுத்தார்.

அவள் வெயிலில் பார்த்தாள். உள்ளே போய் டியூப்லைட்டில் பார்த்தாள். பந்திக் கூடத்தில் மஞ்சள் பல்புக்கு அடியில் போய்ப் பார்த்தாள். மறுபடி வெயிலுக்கு வந்தாள். அம்மாவும் அப்பாவும் எங்கே போனாலும் அப்படியே இருந்தார்கள். புடவை சாம்பல். வேட்டி வெள்ளை.

"ஒண்ணுமே அடிக்கலயே" என்றாள்.

மினிபஸ்காரன் ஹாரனை நிறுத்திவிட்டான். பிரபாவதி துணிப்பையிலிருந்து பச்சைப் பட்டுப்புடவையை எடுத்து மலர்கொடியின் கையில் வைத்தாள். மலர்கொடி என்ன செய்வது என்று தெரியாமல் நின்றாள். அரக்குப்புடவையை அவள் ஏற்கெனவே மகளுக்காக மடித்து எடுத்து வைத்திருந்தாள். வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த விருத்தாம்பாள், தலைக்கு முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு சொன்னாள்: "பொண்ணுக்கு நலங்குல பச்சை கட்டு. வெளக்கு வச்சதும் அரக்கு கட்டு. அவரு படம் முன்னமே சொல்லிடுச்சு, நமக்குத்தான் வெளங்கல."

அப்படியே நடந்தது. நலங்கில் ஹரிணிக்கு முதல் சந்தனம் வைத்தது பெரியம்மா. ராத்திரிப் பந்தியில் பாயசம் இரண்டு தரம் கேட்டு வாங்கியதும் பெரியம்மாதான். அந்தச் சந்தடியில் கலியமூர்த்தி சாப்பிட உட்காரவில்லை. ஒரு தூணோரமாகப் போய், மார்கழியிலிருந்து தன்னிடமே வைத்திருந்து, கூடவே கொண்டுவந்திருந்த பழைய படங்கள் இரண்டையும் திருப்பி வைத்து, பைக்குள்ளிருந்து ரப்பரை எடுத்து, பின்னால் எழுதியிருந்ததை அழித்தார். புதுப் படங்களின் பின்னால் பென்சிலால் எழுதினார்: வெயில் பார்த்தது.

இப்போது அவர் நெய்வேலி டவுன்ஷிப்பில் அதே வட்டத்தில், அதே குவார்ட்டர்ஸில்தான் இருக்கிறார். வாசலில் புதிதாக ஒரு மஞ்சள் பல்பு மாட்டியிருக்கிறார். முதல் ஷிப்ட் இல்லாத நாளில் பகல் பன்னிரண்டு மணிக்குப் போனால், தெருவில் நிற்பார்.